போட்டோதெரபி விளக்கைக் குழந்தைக்கு இவ்வளவு அருகில் வைப்பது ஆபத்தா?

கேள்வி: குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று நீல விளக்கின் கீழ் வைத்திருக்கிறார்கள். விளக்கை மிகவும் தாழ்வாக இறக்கியிருப்பதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லலாமா?

பதில்:

சொல்லாதீர்கள். மருத்துவரிடம் காரணம் கேளுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் உயர்த்தச் சொல்லி நர்ஸை நச்சரிக்காதீர்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் நீங்களே திருகைத் தளர்த்திவிடவும் வேண்டாம். அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவக் கருவிகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் என் பிழைப்பு. தென் மாவட்டங்களில் நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக அலைகிறவன். ‘மெக்கானிக்குக்கு என்ன தெரியும்’ என்று கீழே எழுத வருபவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். எந்தக் குழந்தைக்கு எத்தனை மணி நேரம் சிகிச்சை என்று நான் சொல்லப்போவதில்லை. விளக்கு எந்த உயரத்தில் இருந்தால் கீழே எவ்வளவு ஒளி சேரும் என்பது என் வேலை. அதை எவரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் யார் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. மாமியாரோ பெரியம்மாவோ கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “பச்சை உடம்பை இப்படி வாட்டுகிறார்களே, காலை வெயிலில் காட்டினால் போகாதா” என்றிருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. இந்தச் சிகிச்சையே வெயிலில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியின் ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், குறைமாதக் குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோவார். 1956இல் ஒரு குழந்தையின் உடம்பில் வெயில் பட்ட இடம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்ததை அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். அந்த மருத்துவமனையின் கிரெமர் என்ற மருத்துவரின் குழுவினர் நீல டியூப்லைட்டுகளை வைத்துச் சோதித்து, 1958இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். வெயிலில் அந்த நீலம் இருக்கிறது, கூடவே புற ஊதாக் கதிரும் சூடும் இருக்கின்றன. விளக்கில் வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துத் தருகிறார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

காமாலையில் தோலை மஞ்சளாக்குவது பிலிருபின் என்ற பொருள். தோலில் தேங்கிய அது, 460 முதல் 490 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட நீல ஒளியை வாங்கி உருமாறுகிறது. மாறிய பிறகு, இன்னும் முழுத்திறன் வராத கல்லீரலுக்காகக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். ஆனால் ஒளி போதுமான அளவு விழ வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டரில், ஒரு நானோமீட்டருக்கு எத்தனை மைக்ரோவாட் என்று இதை அளக்கிறோம். தீவிர சிகிச்சைக்குக் குறைந்தது 30 வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு. அந்த 30 கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் விளக்கின் உயரத்தைப் பொறுத்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிற்றூர் நர்சிங் ஹோமின் மேலாளர் போன் செய்தார். “நீங்கள் கொடுத்த விளக்கு வேலை செய்யவில்லை. பிலிருபின் இறங்கவே மாட்டேன் என்கிறது. மாற்றிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பணத்தைக் கொடுங்கள்.” பஸ் பிடித்துப் போனேன். எல்இடி எல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. ஆனால் விளக்கின் தலை ஸ்டாண்டின் உச்சியில் இருந்தது. பொருத்திய அன்று நான் கம்பத்தில் ஒட்டிவிட்டு வந்த சிவப்பு டேப்பிலிருந்து ஒரு முழம் மேலே. போதாததற்கு, கண் கூசுகிறது என்று யாரோ பூப்போட்ட துவாலை ஒன்றை விளக்கின் மேல் போர்த்தியிருந்தார்கள். அதன் ஓரம் தொங்கி ஒளியில் ஒரு பகுதியை மறைத்தது. காற்றுப் போகும் துளைகளையும் அடைத்திருந்தது.

ஒளியை அளக்கும் மீட்டரின் சென்சாரைக் குழந்தையின் வயிற்றுக்கு நேரே பிடித்தேன். 9 என்று காட்டியது. துவாலையை எடுத்துவிட்டு, தலையை டேப் வரை இறக்கித் திருகை முறுக்கினேன். 34.

சிஸ்டர் பாவம், ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பாட்டி வருகிறார், ஒவ்வொரு பாட்டியும் உயர்த்தச் சொல்கிறார், சண்டை எதற்கு என்று உயர்த்திவிட்டிருக்கிறார். அன்றும் ஒரு பாட்டி நின்றிருந்தார். “தம்பி, பிள்ளை கருத்துவிடாதா?” என்று கேட்டார். வெயிலில் கருக்க வைக்கிற புற ஊதாக் கதிர் இதில் இல்லை என்று விளக்கினேன். “அப்போது கண்ணை ஏன் கட்டியிருக்கிறீர்கள்?” என்று அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். அத்தனை வெளிச்சத்தை மணிக்கணக்கில் பச்சிளம் கண் தாங்காது, அதற்காகத்தான்.

மறுநாள் சிஸ்டர் போனில், “இறங்கத் தொடங்கிவிட்டது சார்” என்றார். விளக்கின் உயரம்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்யவில்லை. தாய்ப்பால் நன்றாகக் கிடைக்கத் தொடங்கியிருக்கலாம், நாள் கழிந்ததும் உதவியிருக்கலாம். ஆனால் விளக்கை மாற்றிக் கொடு என்ற பேச்சு அத்தோடு நின்றது.

என் கூலிப் பேச்சும் அத்தோடு நின்றது. “நீங்கள் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லையே, திருகைத்தானே முறுக்கினீர்கள்” என்றார் மேலாளர். பஸ் கட்டணம்கூட வரவில்லை. வரவேற்பறையில் கிரானைட் தரை, சுவர் அகலத்துக்கு டிவி. ஓர் ஒளி மீட்டர் வாங்கி வையுங்கள் என்றால் மட்டும் பட்ஜெட் இல்லை. கிளம்பும்போது, “வந்ததுதான் வந்தீர்கள், என் அறை ஏசியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்” என்றார். பார்க்கவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு, “இன்னும் இறக்குங்கள் சிஸ்டர்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அளவுக்கு மேல் இறக்கினால் ஒளி வட்டம் சுருங்கி நெஞ்சில் மட்டும் விழும், கால்கள் இருட்டில் கிடக்கும். எவ்வளவு தோலில் ஒளி படுகிறதோ அவ்வளவு பலன். பழைய ஹாலஜன் விளக்காக இருந்தால் சூட்டில் தோல் புண்ணாகவும் கூடும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட உயரம் ஒவ்வொரு கருவிக்கும் உண்டு. அந்த உயரத்தில் இருக்கிறதா, மீட்டர் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

நீங்களே கவனிக்கக்கூடியவையும் உண்டு. கண்பட்டி நழுவி மூக்கை அடைக்கிறதா? டயப்பரைத் தவிர உடம்பில் வேறு துணி இருக்கிறதா? குழந்தை ஒளியின் நடுவில் கிடக்கிறதா? இரண்டு நாளில் தோல் வெளுத்ததும் வீட்டில் எல்லோரும் சரியாகிவிட்டது என்பார்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஒளி பட்ட தோல் முந்திக்கொண்டு வெளுக்கும், ரத்தத்தில் அளவு அப்படியே இருக்கக்கூடும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விளக்கை வாடகைக்கு எடுத்து வீட்டில் வைக்கலாமா என்றும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. குழந்தை மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் எடுக்காதீர்கள். எழுதிக்கொடுத்தால், கொண்டுவருபவரை மீட்டரோடு வரச் சொல்லுங்கள். மீட்டர் இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.