இணையத் தொல்லையை நிறுத்த, பெயர் மறைத்து எழுதுவதைத் தடுக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் பதில். தென்கொரியா இதைச் செய்து பார்த்தது. பெரிய தளங்களில் கருத்து எழுத அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. வசவு பெரிதாகக் குறையவில்லை. அடையாள விவரங்களைச் சேர்த்து வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது: 2011இல் அங்கே சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் ஒரே ஊடுருவலில் திருடு போயின. 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றமே அந்தச் சட்டத்தை நீக்கியது.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள நம் மலையகத்தில் இது இன்னும் நெருக்கமான விஷயம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவருக்கு வேலை, வீடு இரண்டும் தோட்டத்தோடு கட்டுண்டவை. கொழுந்து நிறையில் அநியாயமாகக் கழிக்கிறார்கள் என்று சொந்தப் பெயரில் பேஸ்புக்கில் எழுதினால், விடிவதற்குள் தோட்டத்தை நடத்தும் துரை காதுக்குப் போய்விடும். அப்புறம் யார் வாய் திறப்பார்கள்?

சரி, ஹற்றனில் ஒரு பெண் பிள்ளையின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு திறப்பவனை விட்டுவிடுவதா? கூடவே கூடாது. ஆனால் அவன் பல நேரம் அவளுக்குத் தெரிந்தவன்தான். பேஸ்புக் போன்ற நிறுவனத்திடமிருக்கும் தொலைபேசி எண், ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) மூலம் நீதிமன்ற உத்தரவோடு அவனைத் தேட வழி இருக்கிறது. குறை எங்கே என்றால், முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு உடனே எழுதிக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில்தான். கணக்கை முடக்கச் சொல்லுமுன் திரைப்பிடிப்பையும் (screenshot) இணைப்பு முகவரியையும் சேமித்து வையுங்கள். வழக்குக்கு அவைதான் தேவை.