கைக்கடிகாரம் 3,100 கலோரி என்று காட்டினால் அவ்வளவும் சாப்பிடலாமா?

நாளெல்லாம் கணக்கெழுதும் வேலையில் உட்கார்ந்திருக்கும் தமக்கு, கைக்கடிகாரம் நாளொன்றுக்கு 3,100 கலோரி செலவாவதாகக் காட்டுகிறது என்றும், அதை நம்பி அந்த அளவுக்குச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி நம்பிச் சாப்பிட்டவன் நான் என்பதால் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உட்கார்ந்து வேலை பார்க்கும் நடுத்தர உடல்வாகு கொண்ட ஆணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,000 முதல் 2,500 கலோரிவரை செலவாகும்; பெண்ணுக்கு அதைவிடச் சில நூறு குறையும். இதில் பெரும்பகுதி, அதாவது நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு, நாம் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடந்தாலும் செலவாகிவிடும். ஈரலும் மூளையும் இதயமும் சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் ஆறு விழுக்காடுகூட இரா. ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவிடுவதில் பாதிக்கு மேல் அவற்றுக்கே போகிறது. மூளை மட்டும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. உண்டதைச் செரிப்பதற்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு. மிச்சம்தான் நடப்பதற்கும், மாடிப்படி ஏறுவதற்கும், மூட்டை தூக்குவதற்கும்.

ஓய்வுச் செலவைக் கணக்கிட 1990இல் வெளியான மிஃப்லின் – செயின்ட் ஜியார் சூத்திரம் போதும். எடையைக் கிலோவில் எடுத்துப் பத்தால் பெருக்கி, சென்டிமீட்டரில் உள்ள உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பின்பு ஆண் என்றால் 5 கூட்டுவதும், பெண் என்றால் 161 கழிப்பதும் முறை. பர்மாவில் நமக்கு ஒரு சிறு தொல்லை உண்டு: சந்தையில் வாங்குவது வீசைக் கணக்கில், உடல் எடையைச் சொல்வது பவுண்டில், உயரத்தைச் சொல்வது அடியில். ஆகவே முதலில் பவுண்டை 2.2ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். என் எடை 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், அதாவது 165 சென்டிமீட்டர், வயது 58. கணக்கு 1,426 என்று வருகிறது. இதை அன்றாட உழைப்புக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு 1.4 முதல் 1.7க்குள், நடமாட்டமுள்ள வேலைக்கு 1.7 முதல் 2 வரை, வயல் வேலை போன்ற கடும் உழைப்புக்கு 2க்கு மேல். நான் ரங்கூனில் சிறு பலசரக்குக் கடை வைத்திருப்பவன். பாதி நேரம் கல்லாவிலும் பாதி நேரம் அலமாரிகளுக்கு இடையிலும் கழிவதால் 1.5 என்று வைத்தேன். 2,139 வந்தது.

என் மகன் வாங்கிக் கொடுத்த கடிகாரமோ 2,800 என்று சொல்லிக்கொண்டிருந்தது. காலையில் கண்டோஜி ஏரிக் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடந்து முடித்தால், அதற்கு மட்டும் 400 என்று காட்டும். 400 சம்பாதித்துவிட்டோம் என்ற நிறைவோடு, திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் ஒன்றும் பலாட்டா (பர்மாவில் பரோட்டாவுக்குப் பெயர்) ஒன்றும் சாப்பிடுவேன். அவை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 400 கலோரி. “ஏங்க, நடக்கப் போறீங்களா, பலாட்டா திங்கப் போறீங்களா?” என்று என் மனைவி கேட்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதத்தில் நான்கு பவுண்டு கூடியது.

நடக்கும்போது, ஓய்வுச் செலவுக்கு மேல் கூடுதலாகச் செலவாவது கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், அரைக் கலோரி அளவுதான். 68 கிலோ, 5 கிலோமீட்டர் என்றால் 170. நான் 400 தின்று 170 செலவழித்திருக்கிறேன். நாளுக்கு 230 மிச்சம், அறுபது நாளில் 13,800. உடல் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று வைத்தால், கூடிய நான்கு பவுண்டுக்கு அது சரியாகவே பொருந்துகிறது. கடிகாரம் காலடிகளையும் நாடித் துடிப்பையும் ஓரளவு நன்றாகவே எண்ணுகிறது. ஆனால் அவற்றிலிருந்து கலோரியை ஊகிக்கும்போதுதான் தடுமாறுகிறது.

வயதாகிவிட்டதால் உடம்பு எரிப்பது குறைந்துவிட்டது என்று நானும் சில காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்து வெளியான ஆய்வு அந்தச் சாக்கையும் பறித்துவிட்டது. உடல் பருமனையும் தசையையும் ஈடுகட்டிப் பார்த்தால் இருபது வயது முதல் அறுபது வரை செலவு அநேகமாக மாறுவதில்லை என்றும், அதற்குப் பிறகே ஆண்டுக்கு 0.7 விழுக்காடு குறைகிறது என்றும் அதில் கண்டார்கள். கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை உடலை விட்டு வெளியேறும் வேகத்தின் வேறுபாட்டைக் கொண்டு வெளிவிட்ட கரியமில வாயுவையும், அதன்வழி செலவான கலோரியையும் அறிவது இந்த அளவீட்டின் முறை. வீட்டில் அது முடியாது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் ஒரே எடைப்பொறியில் இரண்டு வாரம் எடை பார்த்து, உண்பதையும் எழுதி வாருங்கள். எடை அசையாமல் நின்றால், உண்ட கலோரியே செலவான கலோரி.

உண்பதை எழுதுவதற்கு நம் வீடுகளில் அரிசி அளக்கும் கெட்டிப்பால் டப்பாவே போதும். ஒரு டப்பா அரிசி கால் கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 900 கலோரிக்குக் குறையாது. நாங்கள் இருவருக்கும் நாளுக்கு இரண்டு டப்பா போட்டுக்கொண்டிருந்தோம், இப்போது ஒன்றரை.