வாசகர் கேள்வி பதில்: பிரசவ அறைக்கு வெளியே நின்ற கன்னியர்

கேள்வி: அந்தக் காலத்தில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆஸ்பத்திரிகளில்கூட சிஸ்டர்கள் பிரசவம் பார்க்க மாட்டார்கள் என்று என் பாட்டி சொல்வார். அப்படியொரு தடை உண்மையிலேயே இருந்ததா? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: இருந்தது. குருக்கள் அறுவை சிகிச்சை செய்யலாகாது என்று 1215ஆம் ஆண்டின் லாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபைத் தலைவர்களின் பேரவை) விதித்தது. பின்னாளில் திருச்சபைச் சட்டம் மருத்துவத் தொழிலையே குருக்களுக்கும் துறவியருக்கும் விலக்கி வைத்தது. நோயாளியைக் கன்னியர் பேணலாம். ஆனால் மருத்துவராகத் தொழில் செய்யவோ, பேறுகாலம் பார்க்கவோ கூடாது. கற்பு வார்த்தைப்பாடு (மணம் புரியாமல் வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழி) கொடுத்தவர்களுக்கு அது தகாது என்பதே அன்றைய எண்ணம்.

இதனால் நேர்ந்த கேடு வட இந்தியாவில்தான் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் இருக்கும் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மாட்டார்கள். பெண் மருத்துவரோ அரிது. (சென்னைத் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரிக்குக் ‘கோஷா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கும் இதே வழக்கம்தான் காரணம்.) ஸ்காட்லாந்து மருத்துவரான ஆக்னஸ் மக்லாரன், அறுபது வயதைக் கடந்து கத்தோலிக்கரானவர், எழுபதைத் தாண்டிய பிறகு ராவல்பிண்டியில் (இன்று பாகிஸ்தானில் உள்ளது) பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். கன்னியரை மருத்துவராக அனுமதிக்கும்படி ரோமையிடம் (திருச்சபைத் தலைமையிடம்) அவர் மன்றாடியும், 1913இல் இறக்கும்வரை அந்த அனுமதி வரவில்லை.

அவரைப் பற்றிய ஒரு சிறு நூலைப் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு 1920இல் வந்து கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மருத்துவம் பார்க்க அவருக்குத் திருத்தந்தை தனி அனுமதி வழங்கினார். விதிக்கு விலக்கு கிடைத்ததே தவிர, விதி மாறவில்லை.

விதியையே மாற்ற முனைந்தவர் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியில் பிறந்த அன்னா டெங்கல். மக்லாரனை நேரில் பாராமல் கடிதங்கள் வழியாகவே அறிந்து, அவர் சொற்படி அயர்லாந்தின் கார்க் நகரில் மருத்துவம் பயின்று, 1920இல் ராவல்பிண்டிக்கு வந்து சேர்ந்த அவர், ஒற்றை மருத்துவரால் இது ஆகாது என்று கண்டுகொண்டார். 1925இல் வாஷிங்டனில் தம்மையும் சேர்த்து நான்கே பெண்களுடன் மருத்துவ மறைபணி சகோதரிகள் சபையைத் தொடங்கினார். இருவர் மருத்துவர், இருவர் செவிலியர். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தால் சட்டம் குறுக்கே நிற்கும் என்பதால், அதைக் கொடுக்காமலேயே துறவியராக வாழ்ந்தார்கள். சட்டத்தை மீறாமல் சட்டத்தைக் காத்திருக்க வைத்த இந்தச் சாதுரியம் என்னைக் கவர்ந்த ஒன்று. 1936 பிப்ரவரியில் ரோமை தன் தடையை விலக்கி, மறைபணி நாடுகளில் (கிறிஸ்தவம் பரப்பும் பணி நடந்த நாடுகளில்) கன்னியர் மருத்துவமும் பேறுகாலப் பணியும் கற்று ஆற்றலாம் என்று அறிவித்ததோடு, அதற்கென்று புதிய சபைகள் தோன்றுவதையும் வரவேற்றது. மேரி குளோரி 1943இல் தொடங்கிய அமைப்பே இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம்.

கேள்வி: அன்னை தெரசா மருத்துவம் கற்றவரா? – ஒரு வாசகர், நாகர்கோவில்.

பதில்: மருத்துவர் அல்லர். லொரேட்டோ மடத்தை விட்டு வெளிவந்த 1948இல், மேலே சொன்ன மருத்துவ மறைபணி சகோதரிகள் பாட்னாவில் நடத்திய திருக்குடும்ப மருத்துவமனையில் சில மாதங்கள் அடிப்படைச் செவிலியப் பயிற்சி பெற்றார். தம் சபையினர் ஏழைகளைப் போலவே சோறும் உப்பும் மட்டும் உண்ண வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். அப்படி உண்டால் நோயாளிகளைப் பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது என்று பாட்னா சகோதரிகள் எடுத்துச் சொல்ல, அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.