அதே தாழ்வாரம்தான், அதனாலென்ன?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் எந்த விண்கலத்துக்குள் போனாலும் அதே தாழ்வாரம், அதே கதவு. பணம் புரளும் ஹாலிவுட்டில் புதிதாக ஒரு செட் போட வக்கில்லையா? இது ரசிகனை ஏமாற்றுவதுதானே?

பதில்: வாரம் ஒரு புதுக் கிரகம் கேட்டது யார்? நீங்கள்தான். காசு அங்கே போயிற்று.

அந்தத் தாழ்வாரத்தின் ஜாதகத்தைப் பாருங்கள். 1970களின் கடைசியில், பாதியில் கைவிடப்பட்ட ஒரு தொடருக்காக பாரமவுண்ட் ஸ்டூடியோவில் கட்டத் தொடங்கியது. 1979இல் முதல் திரைப்படத்துக்குப் போனது. 1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடர் எடுத்துக்கொண்டது. 1995இல் 'வாயேஜர்' தொடர் வந்தபோதும் ஸ்டூடியோவின் அதே 8, 9ஆம் எண் படப்பிடிப்புக் கூடங்கள்தான்.

நேராக இல்லாமல் வளைத்துக் கட்டியதில்தான் சூட்சுமம். வளைவில் கோடி தெரியாது. இருவர் பேசியபடி நடந்து மறைந்ததும் ஷாட்டை வெட்டி, கேமராவை எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி நடக்கவிட்டால் அது கப்பலின் வேறு தளம். எஞ்சின் அறையில் இன்னும் துணிச்சல்: தொலைவு போகப் போக செட்டையே சிறிதாக்கி, கோடியில் உயரம் குறைந்த துணை நடிகர்களை நிறுத்தினார்கள்.

வேறு கப்பலாக்க முதலில் மாற்றவேண்டியது சுவரை அல்ல, விளக்கை. அடுத்து, திருகைக் கழற்றிச் சுவர்ப் பலகைகள். பிறகு கருவிப் பலகைகள்: தொடரின் வரைகலைஞர் மைக்கேல் ஒகுடா வடிவமைத்தவை பெரும்பாலும் அக்ரிலிக் தகடு, அதன் அடியில் அச்சடித்த ஃபிலிம், பின்னால் விளக்கு, அவ்வளவே. ஃபிலிமை உருவி வேறு செருகினால் வேற்றுக்கிரக எழுத்து வந்துவிடும். சொதப்புவது பெரும்பாலும் கதவில். அதன் வடிவத்தை மாற்றாமல் எந்த வண்ணம் அடித்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று தரை. கம்பளம் போடாத பிளைவுட் மேடையில் பூட்ஸ் காலோடு நடந்தால் 'டொம் டொம்' என்று எஃகுக் கப்பலின் மானம் போகும். மங்கலான பழைய டிவி பல பாவங்களை மறைத்தது. ப்ளூ-ரே வந்ததும், கருவிப் பலகையில் ஒளி பிரதிபலிக்காமல் இருக்க ஒட்டிய கறுப்பு அட்டைகூடப் பல்லிளித்தது.

நியாயமாகக் கோபப்பட வேண்டுமானால் 1991இல் வந்த ஆறாவது திரைப்படத்தின்மேல் படுங்கள். கதையில் வரும் கோள்களின் கூட்டமைப்பு ஜனாதிபதியின் அலுவலகம், உண்மையில் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கப்பலின் மதுக்கூடச் செட். அதைக்கூட மன்னிக்கலாம், நன்றாகவே மறைத்திருந்தார்கள். ஆனால் கதைப்படி அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கப்பலின் எஞ்சின் அறையை, வாராவாரம் டிவியில் பார்த்தவர்கள் கண்ணெதிரே பழைய கப்பலில் வைத்தது அலட்சியம்.

இதையே பிபிசி புத்தியோடு செய்தது. 1975இல் ஒளிபரப்பான 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் கதைகள் இரண்டுக்கு வடிவமைப்பாளர் ரோஜர் மரே-லீச் ஒரே விண்நிலையச் செட்டைப் போட்டார். கதைப்படியும் அது ஒரே நிலையம், ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில். செட் மாறாதது குறையாகத் தெரியவில்லை, கதையாகிவிட்டது. முதல் கதையை அடுத்து வந்த இரண்டு பகுதிக் கதைக்கோ செட்டே கிடையாது. முழுக்க இங்கிலாந்தின் டார்ட்மூர் வெட்டவெளி.