ரோமியோவுக்கு நீலச் சட்டை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குழு ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்துக்கு ஒத்திகை பார்த்து வருகிறது. பகைவர்களான இரு குடும்பங்களில் ஜூலியட்டின் கேபுலெட் குடும்பத்தார் அனைவருக்கும் சிவப்பு, ரோமியோவின் மாண்டேகு குடும்பத்தார் அனைவருக்கும் நீலம் என உடைகளைப் பிரித்துவிடலாம் என்கிறார் இயக்குநர். எனக்கு ஏதோ உறுத்துகிறது. தங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இயக்குநருக்கு நல்ல முன்னோடி உண்டு. 1968-இல் இத்தாலிய இயக்குநர் செஃபிரெல்லி இந்நாடகத்தை வைத்து எடுத்த திரைப்படத்தில் கேபுலெட் தரப்பினர் சிவப்பும் மஞ்சளுமாகவும், மாண்டேகு தரப்பினர் அடங்கிய நீலச் சாயல்களிலும் வந்தார்கள். உடையமைத்த டானிலோ டொனாட்டிக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. தெருச் சண்டையில் யார் யாரைக் குத்துகிறார்கள் என்பது பார்வையாளருக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் காட்சியில் கேபுலெட்டின் பணியாட்கள் எதிரி வீட்டுப் பணியாட்களைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் பெரிய வீட்டுப் பணியாட்கள் எசமானரின் சின்னம் பொறித்த நீல மேலங்கி அணிவது வழக்கம் என்பதால், அவர்களுக்கு அடையாள உடை கொடுப்பதில் தவறே இல்லை.

ஆனால் அதை ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் அணிவித்தால் நாடகம் உடைந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாத கேபுலெட் வீட்டுப் பணியாள் ஒருவன், விருந்தினர் பட்டியலைப் படித்துச் சொல்லும்படி ரோமியோவிடமே கேட்கிறான். படித்து முடித்ததும், நீங்கள் மாண்டேகு வீட்டாராக இல்லாவிட்டால் விருந்துக்கு வாருங்கள் என்று அழைக்கவும் செய்கிறான். நீலச் சட்டையோடு ரோமியோ எதிரே நின்றால் அந்தப் பணியாள் குருடனா என்றுதான் அவை கேட்கும். விருந்தில் முகமூடி அணிந்திருக்கும் ரோமியோவை, கேபுலெட் வீட்டு டைபால்ட் குரலால் கண்டுபிடிக்கிறான். ஜூலியட் எந்த வீட்டுப் பெண் என்பதை ரோமியோவும், அவன் யார் என்பதை அவளும், முத்தமிட்ட பிறகே செவிலித்தாய் சொல்லி அறிகிறார்கள். மாண்டேகு என்பது கையுமல்ல, காலுமல்ல, முகமுமல்ல என்று அவள் பின்னர் மாடத்தில் நின்று சொல்வதற்கு, அந்தப் பெயர் அவன் உடலில் எங்கும் தென்படாமல் இருந்திருக்க வேண்டும்.

ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவையும் மறந்துவிடாதீர்கள். பலர் அவனை மாண்டேகு பக்கத்து நிறத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அவன் இளவரசரின் உறவினன். கேபுலெட்டின் விருந்தினர் பட்டியலிலேயே அவன் பெயர் இருக்கிறது. இரு வீடுகளையும் சேர்த்துச் சபித்துச் சாகிறவன் எந்த வீட்டின் நிறத்தையும் அணிந்திருக்கக் கூடாது.

நானாக இருந்தால் இரு குடும்பங்களுக்கும் ஒரே துணியில் ஒரே வெட்டில் தைப்பேன்; ஏனென்றால் முன்னுரை இரண்டையும் தகுதியில் நிகரானவை என்றே அறிமுகப்படுத்துகிறது, பகைக்கான காரணத்தையோ நாடகம் இறுதிவரை சொல்வதில்லை. வேறுபாடு ஓர் இடைக்கச்சையின் நிறத்தில் இருந்தால் போதும். பணியாட்களுக்கு அது பளிச்சென்று தெரியட்டும், பெரியவர்களுக்குச் சிறிதாக இருக்கட்டும். பகையையே தன் உயிராகச் சுமக்கும் டைபால்ட்டுக்கு மட்டும் தன் வீட்டு நிறத்தைத் தலை முதல் கால் வரை கொடுக்கலாம்.

கல்லறைக் காட்சியில் பெரியவர்கள் அதிகாலையில் எழுப்பப்பட்டு ஓடி வருகிறார்கள். அவர்களை இரவு உடையிலேயே, கச்சை கட்டாமல், வரச் சொல்லுங்கள். கேபுலெட் மாண்டேகுவைச் சகோதரா என்றழைத்துக் கைநீட்டும்போது, எந்தக் கை எந்த வீட்டுடையது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது.