லோயர்கேம்ப் ஏற்றத்துக்கு எந்த இன்ஜின்? – கம்பம் பட்டறையில் ஒரு கேள்வி பதில்

கம்பத்தில் என் பட்டறை முற்றத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் வண்டிப் பிரியர்கள் கூடுவோம். தேனியின் டிஎன் 60 நம்பர் வண்டியும் வண்டிப்பெரியாறின் கேஎல் 37 நம்பர் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போன மாதம் டீசலா, டர்போ பெட்ரோலா என்று ஆரம்பித்த பேச்சு, ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் "தகர டப்பா" என்று சொல்லி, பத்து வருஷப் பழக்கமுள்ள இரண்டு பேர் முகம் கொடுக்காமல் கிளம்பிப் போவதில் முடிந்தது. எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. அதனால் இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். இருபத்தாறு வருஷமாக, லோயர்கேம்ப் அடிவாரத்திலிருந்து குமுளிக்கு ஏறும் இந்த மலையில் ஓடும் வண்டிகளைக் கழற்றி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுவேன், வாரம் இரண்டு தடவை சாமான் வாங்கக் கம்பம் இறங்கி ஏறுவேன். மலைக்கு டீசல்தான், பெட்ரோல் வாங்குகிறவனுக்கு விவரம் போதாது என்று டாக்ஸி ஸ்டாண்டில் சொல்கிறார்கள். உண்மையா?

அவர்கள் ஓட்டத்துக்கு அது உண்மை. உங்கள் ஓட்டத்துக்கு இல்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒரே மாடலில் டீசல் வண்டி ஒன்றேகால் லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நம்ம மலையில் பெட்ரோல் 15, டீசல் 19 மைலேஜ். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 84 காசு. அந்த ஒன்றேகால் லட்சம் திரும்பி வர 68,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 2,500 ஓட்டும் டாக்ஸிக்காரருக்கு இரண்டேகால் வருஷம். உங்களுக்கு ஏழு வருஷம்.

அதைவிடப் பெரிய விஷயம் புகைக்குழாயில் இருக்கும் கரி வடிகட்டி, டிபிஎஃப் என்பார்கள். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு டீசல் கார் என்றாலே இது உண்டு. இதில் சேரும் கரி எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்கு வண்டி நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். குமுளி பஸ் ஸ்டாண்டுக்கும் தேக்கடிக்கும் நடுவில் பத்துப் பத்து நிமிஷமாக ஓட்டினால் பாதி எரியும்போதே ஆஃப் ஆகிவிடும். மறுபடி மறுபடி இப்படி ஆனால் அதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல் ஆயிலில் கலந்து ஆயில் நீர்த்துப்போகும். மூன்று வருஷம் முன்னால் தேக்கடிக்காரர் ஒருவருக்கு, மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று கேட்காமலேயே டீசல் வாங்கச் சொன்னேன். பதினாலு மாதத்தில் இரண்டு தடவை அதன் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியை என்னிடமே கொண்டுவந்தார். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து கிலோமீட்டர் கேட்காமல் நான் இன்ஜின் பெயரைச் சொல்வதில்லை.

இழுவை பற்றிக் கேட்பீர்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் 113 நியூட்டன் மீட்டர் வாக்கில் இழுவை தரும், அதுவும் இன்ஜின் 4,400 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 4,400 சுற்று, பக்கத்தில் சுற்றும்போது. 1.5 டீசல் 2,000-க்குள்ளேயே 250-க்கு மேல் தந்துவிடும். அதனால்தான் கொண்டை ஊசியில் டீசல் இரண்டாவது கியரில் உறுமாமல் ஏறுகிறது. உங்கள் பெட்ரோலை 3,500, 4,000 வரை சுற்ற விடுங்கள். சத்தம் கேட்டுப் பயந்து மூன்றாவதில் போட்டு அதைத் திணற வைப்பதுதான் இன்ஜினுக்குக் கெடுதல். உயரத்துக்கும் ஒரு கழிவு உண்டு: 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். குமுளி 900 மீட்டர் வாக்கில் இருக்கிறது, அங்கே 9 சதவீதம் போய்விடும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டி அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஐந்து பேரோடு அடிக்கடி ஏறுவீர்கள் என்றால் சின்ன டர்போ பெட்ரோல் பாருங்கள், இல்லாவிட்டால் சாதா 1.2 போதும்.

1 லிட்டர் டர்போ பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று சிலிண்டர் ஆட்டோ மாதிரி என்று கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள். (போடி)

தம்பி, மாருதி 800-ம் மூன்று சிலிண்டர்தான். 796 சிசி. 1983-ல் வந்து முப்பது வருஷம் இந்த நாட்டைச் சுமந்தது. மூணாறுக்கு அதில் குடும்பத்தோடு போனவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். ஐட்லிங்கில் கொஞ்சம் அதிர்வு இருக்கும், உண்மை. ஆனால் வென்யூவில் வரும் 998 சிசி டர்போ 1,500 ஆர்பிஎம்மிலேயே 172 நியூட்டன் மீட்டர் தருகிறது. அது பழைய 1.3 டீசலுக்குப் பக்கத்தில் வரும் எண். போடி மெட்டு பதினேழு வளைவையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய். ஆயில் மாற்றுவதில் மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போடாதே. டர்போவின் உயிர் ஆயிலில் இருக்கிறது. மலை ஏறி வந்ததும் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஓட விடு.

வண்டிப்பெரியாறில் டீச்சராக இருக்கிறேன். கிளட்ச் மிதித்து முழங்கால் வலிக்கிறது. ஆட்டோமேட்டிக் மலைக்குச் சரிப்படுமா?

சரிப்படும் டீச்சர், ஆனால் எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. ஏஎம்டி என்பது சாதா கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் உங்களுக்குப் பதில் மோட்டார் செய்கிறது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளலாம், அதனால் ஹில் ஹோல்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வளைவுக்கு முன் மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டி நம்ம ரோட்டுக்கு ரொம்ப நிம்மதி, விலைதான் கூடுதல். ஆயிலில் நனையாத இரட்டைக் கிளட்ச் உள்ள டிரை கிளட்ச் டிசிடி மட்டும் யோசித்து வாங்குங்கள். மண்டல சீசனில் குமுளி ஏற்றத்தில் ஐயப்ப பக்தர்கள் வண்டிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகரும்போது அதன் கிளட்ச் சூடாகி எச்சரிக்கை காட்டும். அப்போது ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கில் நில்லுங்கள்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன், போடி மெட்டு வழி. இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்று பெரியவர்கள் பழக்கிவிட்டார்கள். திட்டாமல் சொல்லுங்கண்ணே.

உன்னைத் திட்ட மாட்டேன்யா. இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு ஆசையே.

அந்தப் பழக்கம் கார்புரேட்டர் காலத்துப் பெட்ரோல் வண்டியிலிருந்து வந்தது. கியரில் இருந்தாலும் அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உன் ஜீப்பில் மெக்கானிக்கல் பம்பு. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் இன்ஜினைச் சுற்றும், பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை நிறுத்திவிடும். இப்போதைய வண்டியில் அதையே கம்ப்யூட்டர் செய்கிறது. ஆக, கியரில் இறங்கும்போது டீசல் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். நியூட்ரலில் இறங்கினால்தான் இன்ஜின் தானாக ஓட டீசல் வேண்டும். மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை நீ மிச்சம் பிடிப்பதாக நினைத்தது கூடுதல் செலவு.

பிரேக் கணக்கையும் சொல்கிறேன். ஆட்களோடு ஜீப் 2,500 கிலோ என்று வை. மெட்டுக்கும் போடிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,000 மீட்டர். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 1,000 வாட் ஹீட்டரை ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரிக்கப் போதும். நியூட்ரல் போட்டால் அதில் பெரும்பங்கை உன் பிரேக் டிரம்முகள் முக்கால் மணி நேரத்தில் வாங்க வேண்டும். பிரேக் ஆயில் பழசாகி ஈரம் குடித்திருந்தால் அந்தச் சூட்டில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழி கட்டினால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெடல் தரை தொட்ட இரண்டு வண்டிகளை நான் கட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஒன்றில் ஆள் ஏற்றியிருக்கவில்லை, இன்னொன்றில் ஓடைப்பக்கம் போகாமல் மலைப்பக்கம் மோதியதால் பிழைத்தார்கள்.

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று, காசு இல்லாவிட்டால் கொண்டு வா, ஆயிலுக்கு மட்டும் கொடு, கூலி வேண்டாம். சாயங்காலம் நீ இறக்கிக் கொண்டுவருவது அடுப்பில் உலை வைக்க வீட்டுக்குப் போகும் அம்மாமார்களை. சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றாதே.

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வாங்கியிருக்கிறேன். மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரைத் தொடாமலே இன்ஜின் திடீரென்று உறுமுகிறது. கோளாறா? (நெடுங்கண்டம்)

கோளாறு இல்லை. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரியை நிரப்புகிறது. உங்கள் பேட்டரி சின்னது, நம்ம மலை இறக்கத்தில் பாதி வழியிலேயே நிரம்பிவிடும். அதற்கு மேல் சக்தியை வைக்க இடமில்லாததால் இன்ஜினை வெறுமனே சுற்ற வைத்து வண்டியைப் பிடிக்கிறது. பெட்ரோல் செலவாகாது. உங்கள் கியர் லீவரில் B நிலை (பார்க்கிங்கின் P அல்ல) இருந்தால், நீண்ட இறக்கத்தில் அதில் வைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

அப்படியென்றால் எலெக்ட்ரிக்? (உத்தமபாளையம்)

மலைக்கு அருமையான இழுவை, முதல் நொடியிலிருந்தே முழுதாகக் கிடைக்கும். 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் ஏற, தூரத்துக்கு ஆகும் செலவு போக 4 யூனிட் கூடுதலாகப் பிடிக்கும். இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். மூணாறில் தங்கினால் காலையில் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரி எதையும் வாங்காது, மோட்டார் பிடிப்பும் இருக்காது. 85, 90-ல் நிறுத்துங்கள்.

2012 மாடல் பெட்ரோல் கார். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. பிரமையா? (சின்னமனூர்)

பிரமை இல்லை. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு 6, 7 சதவீதம் குறையும். 18 கொடுத்தது 17-க்கு வரும். அதற்கு மேல் குறைந்தால் வேறு காரணம் இருக்கிறது. பழைய வண்டி என்பதால் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் ஃபில்டரையும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திப் போடாதீர்கள்.

டெல்லி நம்பர் டீசல் கார் பாதி விலைக்கு வருகிறது. (கூடலூர்)

தலைநகர்ப் பகுதியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, அதனால்தான் மலிவு. வண்டி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அங்கத்து ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று, என்ஓசி, கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இங்கே மறுபதிவும் சாலை வரியும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், பல வண்டிகளில் அந்தப் பாதி விலை முக்கால் விலையாகிவிடும்.

கட்டப்பனையில் கல்லூரியில் படிக்கிறேன். போன மாதம் இங்கே சிஎன்ஜி எரிவாயு வண்டி நல்லது என்று சொன்னேன், ஐந்தாறு பேர் சிரித்துவிட்டார்கள். தப்பாகச் சொன்னேனா?

தப்பில்லை தம்பி. அன்றைக்கே நான் குறுக்கே பேசியிருக்க வேண்டும், பேசாமல் இருந்தது என் குறை.

சிஎன்ஜியில் 1 லிட்டர் வேகன்ஆர் 67 குதிரைசக்தியிலிருந்து 57-க்கு இறங்கும். சமவெளியில் அது தெரியாது. தேனி, மதுரை என்று ஓடுகிறவருக்கு நல்ல லாபம். நாலு பேரும் மூட்டையும் ஏற்றிக் கட்டப்பனை ஏறுகிறவருக்குச் சிரமம், ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்ட வேண்டிவரும். டிக்கியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். நீ யாருக்காகச் சொன்னாய் என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே சண்டைகள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஒருத்தர் தன் ரோட்டை மனதில் வைத்துப் பேசுகிறார், கேட்கிறவர் அவர் ரோட்டை வைத்து மறுக்கிறார்.

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மைலேஜ் சொன்னால் டேங்க் நிரப்பி, ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்ட எண்ணைச் சொல்லுங்கள், மீட்டரில் மின்னுவதை அல்ல. "டீசல் 30 கொடுக்கிறது" என்று ஒருத்தர் சொன்னதை நம்பித்தான் இன்னொருத்தர் கடன் வாங்குகிறார். வாங்கி முடித்த வண்டியைக் குறை சொல்லாதீர்கள். ஏலக்காய் விலை ஏறிய வருஷத்தில் துணிந்து, ஏழு வருஷத் தவணை போட்டு, வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போய்ச் சாவி வாங்கியிருப்பார். வாங்குவதற்கு முன் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் அதை எப்படி நன்றாக வைத்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

போன மாதம் முகம் திருப்பிப் போன இரண்டு பேரும் இன்று வந்திருக்கிறார்கள். ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் லோயர்கேம்ப் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், டீ நான் வாங்குகிறேன்.

இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி ரீமேப் செய்தால் இழுவை கூடுமாமே? (தேவாரம்)

கூடும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய அளவுக்குச் செய்தவைதானே, அதையும் யோசியுங்கள். வாரண்டி போய்விடும். கரி வடிகட்டியை எடுத்துவிட்டுச் செய்யச் சொன்னால் என் பட்டறையில் நடக்காது. பின்னால் பைக்கில் வருகிறவர் குழந்தையோடு வருகிறார்.

அண்ணே, நீங்கள் வைத்திருப்பது என்ன இன்ஜின்? (கம்பம், பெயர் எழுதவில்லை)

2009 ஸ்விஃப்ட் டீசல், 1,248 சிசி, ஃபியட்டின் மல்டிஜெட். மாருதி, டாடா, ஃபியட் என்று எத்தனையோ வண்டிகளில் உட்கார்ந்த அதே இன்ஜின். 2,000 ஆர்பிஎம் தாண்டும் வரை தூங்கும், தாண்டியதும் 190 நியூட்டன் மீட்டரும் ஒன்றாக எழுந்து வரும். டைமிங் செயின் சத்தம் லேசாக வர ஆரம்பித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு இன்ஜினை வெளியே இறக்கப் போகிறேன், பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள்.