கிட்டாரே தொடாதவன் கிட்டார் லைப்ரரி வாங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த பையன் கிட்டார் சாம்பிள் லைப்ரரி வாங்கப் பணம் கேட்கிறான், அவனுக்கோ கிட்டார் பிடிக்கவே தெரியாது, இது ஏமாற்று வேலைதானே என்று கேட்டிருந்தீர்கள். பச்சைத் தேயிலை விற்கும் விலையில் உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் ஏமாற்று வேலை இல்லை, அம்மா.

சாம்பிள் லைப்ரரி என்பது கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் ஒலிப்பதிவுத் தொகுப்பு. நல்ல கலைஞர் ஒருவரை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, ஒவ்வொரு தந்தியிலும் மெதுவாக, அழுத்தமாக, உள்ளங்கையால் அடக்கி என்று ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்கிறார்கள். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் மெஷின் மாதிரி கேட்கக் கூடாதே, அதற்காக ஒரே சுரத்துக்குப் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்க விடுவார்கள். ரவுண்ட் ராபின் என்பது இதுதான்.

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. கீபோர்டுக்காரர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடித்தால் மூன்று சுரமும் ஒரே கணத்தில் விழும். கிட்டாரில் கை கீழே வரும்போது தடித்த தந்தி முதலில், மேலே போகும்போது மெல்லிய தந்தி முதலில். நடுவில் சில மில்லி செகண்ட் இடைவெளி. ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். சாதாரண சி மேஜர் கார்டையே கிட்டாரில் ஐந்து தந்திகளில் பரப்பித்தான் பிடிப்பார்கள். இது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து லைப்ரரி வாங்கினாலும் கேட்பவர் காது கண்டுபிடித்துவிடும்.

அதனால் முதல் செலவு ஒரு பழைய அக்குஸ்டிக் கிட்டாராக இருக்கட்டும். பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். நான் குன்னூரில் சுவரில் மாட்டிவைத்த கிட்டார் ஒரே மழைக்காலத்தில் தந்தி துருப்பிடித்து, கழுத்தும் வளைந்துவிட்டது.

லைப்ரரி அப்புறம். இந்த லைப்ரரிகளில் பலவற்றை ஒலிக்கவைக்கும் மென்பொருள் கான்டாக்ட். அதன் சிறிய வடிவமான கான்டாக்ட் பிளேயர் இலவசம்தான், ஆனால் காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் கேட்கும் லைப்ரரியை அதில் போட்டால் 15 நிமிடத்தில் நின்றுவிடும். விளம்பரத்தில் 'ஃபுல் கான்டாக்ட்' என்று இருந்தால் இலவச பிளேயர் போதாது என்று தெரிந்து வாங்கட்டும். பாட்டைப் பதிவு செய்து கோக்கும் ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் பணம் கட்டாமல் பழகிப் பார்க்கலாம். கிராக் செய்த திருட்டு நகல் வேண்டாம். நாளைக்குப் பாட்டு விற்கும்போது உரிமம் கேட்பார்கள்.

படிப்பு? டிகிரியை விட வேண்டாம் என்பது என் கருத்து. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்துகொண்டே இதைச் செய்யலாம். ஒலித்துறையிலேயே போக நினைத்தால் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. 2008இல் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் சென்னையில்தான், கட்டணத்தை முன்பே விசாரியுங்கள். வருமானம் மாதச் சம்பளம் போல வராது. படுகப் பாட்டு, சர்ச் பாட்டு, கல்யாண வீடியோ, குறும்படம் என்று துண்டு துண்டாகத்தான் வரும்.

அவசரப்பட்டு முடிவு எடுக்காதீர்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வரை அவகாசம் கொடுங்கள். அதற்குள் ஒரே ஒரு படுகப் பாட்டுக்கு லைப்ரரி கிட்டார் சேர்த்து முடிக்கட்டும். உங்கள் ஊர்ச் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் தம்பி யாராவது இருப்பார். அவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி, எந்த இடத்தில் நிஜமான கிட்டார் கை தெரியவில்லை என்று பையனிடமே சொல்லச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பையன் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறானா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.